குறி இல்லாதது எல்லாம் உள்ளே

‘புளியஞ்சோலை’ என்ற சொல் பச்சை நிறத்தில் இருந்தது.

அது சிவப்பாக இருந்திருக்க வேண்டும். நௌஷீன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பழைய மானிட்டர், மழைக்காலம் வந்துவிட்டால் அதற்கும் சளி பிடித்துக்கொண்டு நிறங்களைக் கலக்கிக் காட்டும். ஆனால் அதே பதிவில் இருந்த மற்ற சிவப்புகள் சிவப்பாகத்தான் இருந்தன. இந்த ஒரு சொல் மட்டும், நனைந்த மிளகு இலைபோல, கரும்பச்சை.

அவளுடைய வலைப்பதிவில் இந்த நிறப் பாகுபாட்டுக்குத் தனி மரியாதை உண்டு. அவளே எழுதிய இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் சுட்டி என்றால் பச்சை. அடுத்தவர் தளத்துக்குக் கொண்டுபோவது என்றால் சிவப்பு, வாலில் சாய்ந்த ஒரு சின்ன அம்பு. “அழுத்தினால் என் வீட்டிலேயே இன்னொரு அறைக்குப் போகிறீர்களா, இல்லை தெருவில் இறங்குகிறீர்களா என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா?” என்று ஒரு பதிவே போட்டிருந்தாள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் பின்னூட்டத்தில் வந்து சபாஷ் போட்டுவிட்டுப் போனார்கள். கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில், மிளகு வாங்கி விற்கும் அப்சரின் வீட்டுக்காரி இப்படியொரு வேலை பார்க்கிறாள் என்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது, சிங்கப்பூருக்குத் தெரிந்திருந்தது. அந்த 2007ஆம் வருஷத்தில் அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

இந்த வாரம்தான் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றியிருந்தாள். முன்பெல்லாம் தன்னுடைய பக்கங்களுக்குப் போகும் ஒவ்வொரு சுட்டிக்கும் ‘உள்’ என்று ஒரு குறி போட வேண்டும். குறி இல்லாதது எதுவானாலும் தானாகச் சிவப்பாகிவிடும். பதிவுகள் பெருகப் பெருக, குறி போட்டே விரல் தேய்ந்தது. வெளியே போகும் சுட்டிகளோ பதிவுக்கு ஒன்றிரண்டுதான். அவற்றுக்கு மட்டும் ‘வெளி’ என்று குறி போட்டுவிட்டு, குறி இல்லாதது எல்லாம் உள்ளே என்று வைத்துவிட்டால்? வார்ப்புருவில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். நோகாமல் நுங்கு தின்கிற வேலை. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தன் தலையிலேயே செல்லமாகக் குட்டிக்கொண்டாள்.

ஆக, ‘புளியஞ்சோலை’க்கு ‘வெளி’ குறி போட மறந்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

வெளியே ஐப்பசி மழை விட்டு, பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிடங்கிலிருந்து மிளகின் காரமும் ஈரச் சாக்கின் புழுக்கமும் கலந்து வந்தன. வாசல் பலாமரம் தன்மீது தேங்கியிருந்த மழையை ஒவ்வொரு சொட்டாகத் தகரத்தின்மேல் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் காடு, காட்டுக்கு அந்தப்பக்கம் செங்குத்தாக இறங்கும் பள்ளம். இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்த அன்றே அப்சர் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தான்: மூட்டம் இறங்கினால் அதீபாவை வெளியே விடக்கூடாது. அதீபாவுக்கு ஐந்து வயது. ஐந்து வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, துறையூரில் மாமியாரின் வாயில் விழுந்து எழுந்து பெற்ற பிள்ளை. நௌஷீனுக்கு அந்தக் கட்டளை தேவையே இல்லை. பிள்ளை இருமினால்கூட அவளுக்குத்தான் முதலில் தொண்டை வலிக்கும். இன்றைக்கு அப்சர் லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல் மண்டிக்குப் போயிருந்தான். அதீபா கட்டிலின்மேல் குதித்துக்கொண்டிருந்தாள்.

நௌஷீன் வெளிக் குறியைப் போட்டுச் சேமித்தாள். பக்கத்தைத் திரும்ப வரவழைத்தாள். தொலைபேசி லைனில் வரும் இணையம் அது. ஆடி அசைந்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வந்தது.

பச்சை.

அந்தச் சுட்டி எங்கே போக வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். துறையூர்க்காரர் ஒருவரின் பதிவு அது. சிநேகிதர்களோடு புளியஞ்சோலைக்குக் குளிக்கப் போனாராம். பொழுது சாய்கிற நேரத்தில் ஓடைக்கு எதிர்க்கரையிலிருந்து அவர் மகள் “அப்பா” என்று கூப்பிட்டாளாம். மகளோ அந்த நேரத்தில் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாளாம். மனிதர் அதைச் சிரிப்பாகத்தான் எழுதியிருந்தார். ‘பயந்தாங்கொள்ளிகள் அழுத்த வேண்டாம்’ என்று சொல்லித்தான் நௌஷீன் சுட்டி கொடுத்திருந்தாள்.

இப்போது அவளே அழுத்தினாள்.

வந்தது அவருடைய பக்கம் அல்ல. தலைப்பில் அவளுடைய வலைப்பதிவின் பெயர். அவள் எடுத்த மிளகுக்கொடிப் படம். மேலே முகவரிக் கட்டத்திலும் அவளுடைய முகவரிதான். கீழே ஒரே ஒரு புகைப்படம்: பாறைகளுக்கு நடுவே ஓடை, அந்திவேளை, எதிர்க்கரையில் யாருமில்லை. எழுத்து ஒன்றுமில்லை. அவள் எழுதாத ஒரு பக்கம் அவளுடைய தளத்துக்குள் இருந்தது.

“ஏனுங்க அம்மிணி!”

நௌஷீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலுக்குப் போனாள். பலாமரத்தடியில் ருக்குமணி நின்றிருந்தாள், முக்காடாகப் போட்ட கோணிச் சாக்கும் கையில் மரவள்ளிக்கிழங்குமாக. மேட்டுக்காட்டில் கிழங்கும் சாமையும் போடுகிறவள். நௌஷீனைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அவளுக்குப் பின்னால் அவளுடைய செவலை நாய்.

“நானு, என்ற நாயி. வேற ஆருமில்லீங்க,” என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ருக்குமணி படி ஏறினாள்.

“அதென்னக்கா, வர்றப்பெல்லாம் சொல்றீங்க? நான்தான் பாக்குறேனே, நீங்களும் நாயும்தான்னு.”

“அட, எங்க ஊட்டு வழக்கமுங்க. காட்டுப் பக்கமிருந்து எந்த ஊட்டுக்கு வந்தாலும் கூட வந்தது ஆருன்னு சொல்லிப்போட்டுத்தான் ஏறோணும். பேர் சொன்னது உள்ளார வரும். சொல்லாதது வெளிய நின்னுக்கும். எங்க மாமியா சொல்லுவாங்க, நானும் சொல்றேன். காசா பணமா?”

நௌஷீனுக்குச் சிரிப்பு வந்தது. சற்று முன் வந்த நடுக்கம் போன இடம் தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்ததால், ருக்குமணியைக் கணினிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்து பச்சையையும் சிவப்பையும் காட்டினாள். இந்த வாரம் செய்த மாற்றத்தையும் சொன்னாள்.

ருக்குமணி அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “அப்ப, ஒண்ணுஞ் சொல்லாம வுட்டா?”

“உள்ளன்னு அர்த்தம்.”

“தலகீழா வச்சிருக்கீங்களே, அம்மிணி.” அவளும் சிரித்தாள். “எங்க மாமியா பாத்திருந்தா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிப்போட்டிருப்பாங்க.”

அந்நேரம் வாசலில் நாய் ஊளையிட்டது. ருக்குமணி திரும்பிப் பார்த்தாள். நாய் படியில் இல்லை. பலாமரத்தையும் தாண்டிப் போய் நின்றுகொண்டு, வாலைக் காலிடுக்கில் செருகி, வீட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. “சனியனே, எதுக்குடா?” என்றாள். ஆனால் உட்காரவில்லை. கிழங்கைக் கீழே வைத்தாள். “வாரேனுங்க, மூட்டம் கட்டிக்கிச்சுன்னா தடம் தெரியாது.” படி இறங்கியவளின் பின்னாலேயே, “நாயி, நாயி” என்று அதீபாவும் ஓடினாள்.

“வாசலத் தாண்டக் கூடாது, கண்ணு!” நௌஷீன் கத்தினாள்.

“தாண்டலம்மா!”

நௌஷீன் வாசலில்தான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. திரை அவளை இழுத்தது. திரும்ப வந்து உட்கார்ந்து, வார்ப்புருவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே தப்பு, எந்த அடைப்புக்குறியை விட்டோம் என்று தேடத் தொடங்கினாள். தேடுவதில் ஒரு சுகம் உண்டு. பால் பொங்கினாலும் காதில் விழாது. பலாமரம் சொட்டிக்கொண்டிருந்தது. நாயின் சத்தம் மேட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. மூட்டம் சன்னல் கம்பிக்கு வெளியே வந்து நின்று, பலாமரத்தை விழுங்கி, வேலியை விழுங்கி, கடைசியில் சன்னல் வெறும் வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல் ஆனது.

“அதீபா, உள்ள வா!” என்றாள், தலையைத் திருப்பாமல்.

கதவு முனகியது. சின்னக் காலடிகள் அவளுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் தத்தித் தத்திப் போயின. கட்டில் கிரீச்சிட்டது.

“கதவச் சாத்துனியா?”

“ம்.”

அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளையும் போட்டாள். மழையில் ஊதிப்போன கதவு. தாழ்ப்பாள் கொண்டிக்குள் போவதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. கட்டிலில் போர்வை ஒரு சின்ன மூட்டையாகக் குவிந்திருந்தது. வெளியே தெரிந்தது பின்னல் மட்டும்தான். குளிரும் பிள்ளைக்கு. நௌஷீன் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்சரின் மாமா சவுதியிலிருந்து கொண்டுவந்த கடிகாரம் கரகரத்த குரலில் மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, பாங்கு சொன்னது. அந்த நேரத்தில் சன்னல்களைச் சாத்திவிட வேண்டும், பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவள் சன்னல்களைச் சாத்தினாள். கை கால் முகம் கழுவி ஒழுச் செய்து தொழுதாள். தொழுகையில் மனம் நிற்கவில்லை. அடுப்படிக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூரை நீர் வடிகிற சலசலப்பு அல்ல, பாறைமேல் பாறையாக இறங்கி, ஓரிடத்தில் தேங்கி, மறுபடி இறங்குகிற தண்ணீரின் சத்தம். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடை கிடையாது.

தொழுகை விரிப்பை மடித்துவிட்டு, அப்சருக்குப் போன் போடலாம் என்று இணையத்தைத் துண்டித்தாள். ஒரே லைன், இணையம் ஓடினால் போன் வேலை செய்யாது. துண்டித்த மறுநிமிஷம் அதுவே அடித்தது.

“எவ்ளோ நேரமாக் கூப்புடுறேன்! அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுறியா?” அப்சரின் குரலுக்குப் பின்னால் லாரி ஹாரன்கள். “மல ரோட்டுல மரம் விழுந்து கெடக்காம். காலையிலதான் வெட்டுவாங்க. நான் இங்கயே தங்கிக்கிறேன். பாப்பா எங்க?”

“உள்ளதாங்க இருக்கா. படுத்திருக்கா.”

“மூட்டத்துல வெளிய விடலைல்ல?”

“இல்லீங்க.” வாசலோடு நின்றதை வெளியே போனதாகக் கணக்கு வைக்க முடியுமா?

“சரி. அப்பறம், யாரு வந்திருக்காங்க? ருக்குமணிக்கா பிள்ளைங்களா?”

“யாரும் வரலியே.”

“பின்னால இவ்ளோ சத்தமா இருக்கு. ஒரு பள்ளிக்கூடமே உக்காந்து பேசுற மாதிரி...” கரகரவென்று ஏதோ கேட்டது. அப்புறம் லைன் செத்துவிட்டது.

நௌஷீன் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வீடு அமைதியாக இருந்தது. தண்ணீர்ச் சத்தமும் நின்றிருந்தது. ஓட்டமாக ஓடுகிற ஒருவர் சட்டென்று நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.

திரையில் அந்தப் பதிவு அப்படியே இருந்தது. இணையம் இல்லை, அது மாறுவதற்கு வழியே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது பத்தியில் ‘காட்டுப் பாதை’ என்ற சிவப்புச் சொல்லின் வாலிலிருந்த அம்பு மறைந்தது. சிவப்பு மெல்ல இருண்டது. பச்சையானது.

அதை அழுத்தியிருக்கக் கூடாது. அழுத்தினாள். லைன் இல்லாமலேயே பக்கம் திறந்தது. அவளுடைய தலைப்பு, அவளுடைய முகவரி. இந்த முறை புகைப்படத்தில் வேலி. அவளுடைய வீட்டுப் பின்வேலி. ஒரு மூங்கில் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அடுத்த வரியில் இன்னொரு சிவப்பு இருண்டது. திறந்தாள். அடுப்படியின் பின்கதவு. திறந்திருந்தது.

பின்கதவைக் காலையிலிருந்தே யாரும் திறக்கவில்லை. அடுப்படி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எட்டு எடுத்து வைத்தால் போய்ப் பார்த்துவிடலாம். அவளுடைய கால் எழவில்லை. அங்கிருந்து வாசனை வந்தது: பாசி பிடித்த பாறை, அழுகிய இலை, சூரியனையே பார்த்திராத மண். மிளகின் காரத்தை அது முழுவதுமாக மூடிவிட்டிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளைபோல், அழுகை வருகிற அளவுக்குப் பயமாக இருந்தது.

“அதீபா... அம்மாகிட்ட வா.”

போர்வை அசைந்தது. வரவில்லை.

அவளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பின்னலைத் தொட்டாள். சொதசொதவென்று நனைந்திருந்தது. “மழையில நனஞ்சியா? சளி புடிக்குமே!” திட்டுவதற்கு ஒன்று கிடைத்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. துண்டை எடுத்துத் துவட்டினாள். துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு எடுத்தாள். அதுவும் நனைந்தது. முடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது; துடைப்பதற்குத் தலையைக் கொடுத்ததே தவிர, முகத்தைத் திருப்பவில்லை. கட்டிலில் குதிக்கிற பிள்ளை. ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை.

“என்னாச்சு கண்ணு? பயமா இருக்கா?”

தலை இல்லை என்று ஆடியது.

வார்ப்புருவைப் பழையபடி மாற்றிவிட வேண்டும். அந்த எண்ணம் அவளுக்குள் வந்து ஆணியடித்ததுபோல் நின்றது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. ஆனால் அந்த வீட்டில் அவள் கைக்கு அடங்கியது அது ஒன்றுதான். குறி போட்டது மட்டும் உள்ளே. குறி இல்லாதது எதுவானாலும் வெளியே. பழைய குறிகளை அவள் அழித்திருக்கவில்லை. தன்னுடைய பக்கங்கள் எல்லாவற்றுக்கும் ‘உள்’ குறி அப்படியேதான் இருந்தது. ஒரே ஒரு வரி. அதைத் திருப்பிப் போட்டால் போதும்.

ரிசீவரைக் காதில் வைத்தாள். லைன் உயிரோடு இருந்தது. மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாகப் பிடித்தது. காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே தட்டினாள். மனப்பாடமான ஓதல், பாதியில் மறந்து, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அதே இடத்தில் மறந்தது. சேமித்தாள். பக்கத்தை வரவழைத்தாள்.

ஒவ்வொரு வரியாக வந்தது. ‘புளியஞ்சோலை’ சிவப்பு. அம்பு இருந்தது. ‘காட்டுப் பாதை’ சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய்விட்டன. நௌஷீன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது ஓரப் பட்டியல் வந்து முடிந்திருந்தது. அவள் எழுதியவற்றை வகைவகையாகத் தொகுத்து வைத்த பட்டியல். ‘சமையல்’ பச்சை. ‘மிளகு’ பச்சை. ‘மழை’ பச்சை.

‘அதீபா’ சிவப்பு.

வாலில் சாய்ந்த சின்ன அம்பு.

குறி விட்டுப்போயிருக்கும். வார்ப்புருவைத் திறந்தாள். ‘உள்’ என்ற குறி இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. அடைப்புக்குறி சரி. திரும்ப வரவழைத்தாள்.

சிவப்பு.

அழுத்தினாள்.

தலைப்பு இல்லை. மிளகுக்கொடி இல்லை. முகவரிக் கட்டம் காலி. மேலிருந்து கீழே, பட்டை பட்டையாக ஒரு படம் மட்டும் வரத் தொடங்கியது. முதலில் தகரக் கூரையின் விளிம்பு. பிறகு கதவின் மேல்சட்டம், அதில் அப்சர் ஒட்டிய பிறை ஸ்டிக்கர். ரொம்ப உயரத்தில் தெரிந்தது. தரையிலிருந்து நிமிர்ந்து பார்க்கிற ஒருவருக்குத் தெரிகிற உயரம். பிறகு பலகை. பிறகு கதவுக்கும் படிக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம். அவளுடைய வீட்டு வாசல்கதவு. சாத்தியிருந்தது. வெளியே நின்று பார்த்த படம்.

கடைசிப் பட்டை வந்தது. கதவின்மேல் ஒரு சின்னக் கை.

டக். டக்.

“அம்மா...”

கதவுக்கு வெளியே.

“அம்மா, கதவத் தொறங்கம்மா. இருட்டாயிருச்சும்மா.”

நௌஷீன் எழுந்தாள். நாற்காலி விழுந்தது. துறையூர்க்காரரின் மகள் நினைவுக்கு வந்தாள். எதிர்க்கரையிலிருந்து கூப்பிட்ட குரல். மகள் வீட்டில் இருந்தாள், கூப்பிட்டதுதான் வேறு. அதீபாவும் வீட்டில்தான் இருக்கிறாள். உள்ளே வந்ததை நானே கேட்டேன். நானே தலை துவட்டினேன்.

கேட்டேன். பார்த்தேனா?

“அம்மா, நாயி போயிருச்சும்மா. நான் தாண்டலம்மா. இங்கதாம்மா நின்னேன்.”

கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஊதிப்போன கட்டை. அசையவில்லை. இழுத்தாள்.

அவளுடைய இன்னொரு கைக்குள் ஒரு சின்னக் கை வந்து புகுந்துகொண்டது. சில்லென்று. ஈரமாக.

“தொறக்காதீங்கம்மா,” என்றது, அதீபாவின் குரலில். “நான் உள்ளதான இருக்கேன்.”

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வெளியே ஒரு அதீபா. உள்ளே ஒரு அதீபா. திறந்தால் எதை உள்ளே விடுவேன்? திறக்காவிட்டால் எதை வெளியே விடுவேன்? யா அல்லாஹ். ஒரே ஒரு பிள்ளைதானே கொடுத்தாய்.

“அம்மா...” வெளியே குரல் தேய்ந்திருந்தது. அழுது ஓய்ந்த குரல். “கோவமாம்மா?”

நௌஷீன் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். இழுக்கவுமில்லை. விடவுமில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது.

“சரிம்மா,” என்றது அந்தக் குரல். “நான் ருக்குமணி அத்த ஊட்டுக்குப் போறேன்.”

காலடி. படி இறங்கியது. ஒன்று. இன்னொன்று.

ருக்குமணியின் வீடு மேட்டில். காலடி பின்பக்கம் போனது. வேலிப் பக்கம்.

அவள் கையை உதறிக்கொண்டு சன்னலுக்கு ஓடினாள். அந்தச் சின்னக் கை விடவில்லை, அதுவும் கூடவே வந்தது. ஒற்றைக் கையால் சன்னல் கதவைத் தள்ளினாள். வெளிச்சம் மூட்டத்தில் ஒரு துண்டு விழுந்தது. அந்தத் துண்டுக்குள் ஒரு சின்ன உருவம், தோளைக் குறுக்கிக்கொண்டு, மெல்ல நடந்துகொண்டிருந்தது. சன்னல் சத்தம் கேட்டு நின்றது. திரும்பியது.

கன்னத்தில் கண்ணீர்க் கோடு. மூக்கு சிவந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது.

தாய்க்குத் தெரியாதா.

“அதீபா!” என்று அலறினாள். “போகாத! நில்லு! அம்மா வர்றேன், கண்ணு, நில்லு!”

கதவுக்குப் பாய்ந்தாள். பாய முடியவில்லை. கையைப் பிடித்திருந்த கை இறுகியது. அது இப்போது சின்னக் கையாக இல்லை. வெளியே மூட்டம் அந்த வெளிச்சத் துண்டை மெதுவாக மூடியது. முதலில் கால், பிறகு பாவாடை, பிறகு முகம்.

“அம்மா, பசிக்குது,” என்றது அவளுக்குப் பக்கத்தில் நின்றது.

“அம்மா, பசிக்குது.” அடுப்படியிலிருந்து.

“பசிக்குதும்மா.” கட்டிலுக்கு அடியிலிருந்து.

கிடங்குச் சுவரின் பக்கம். கூரைக்குக் கீழே. கதவின் உள்பக்கம், அவளுக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே. எல்லாம் அதீபாவின் குரலில்தான் கேட்டன. ஈரமான சின்னக் காலடிகள் அறைக்கு அறை எழுந்து அவளை நோக்கி வந்தன. வெளியே, வேலியைத் தாண்டி, பள்ளத்துப் பக்கமிருந்து ஒரு பிள்ளை மட்டும் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.